காற்றை எதிர்த்துக் கரை சேர

பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் ஓடும் கைட் சர்ஃபிங் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். பலகையில் எழுந்து நிற்க வந்துவிடும், தண்ணீரில் ஓடவும் வந்துவிடும். கிளம்பிய இடத்துக்குத் திரும்ப மட்டும் வராது. காற்று தள்ளிய தூரத்தை, பலகையைச் சுமந்தபடி மணலில் நடந்து மீட்க வேண்டியிருக்கும்.

மம்சாபுரம், ராஜபாளையம் பக்கம் ஆனி, ஆடியில் தென்னந்தோப்புகளை உலுக்குகிற தென்மேற்குப் பருவக்காற்றுதான் ராமேஸ்வரம் தீவிலும் வீசுகிறது. கடலோரத்தில் அது கச்சான். மார்கழி, தையில் வாடை. இந்த இரண்டு காற்றையும் நம்பித்தான் ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன.

பட்டம் பெரும்பாலும் காற்று போகும் திசைக்கே இழுக்கும். அந்த இழுப்பைப் பக்கவாட்டு ஓட்டமாக மாற்றுவது பலகையின் விளிம்பு. புதியவரோ பலகையைத் தட்டையாக வைத்துக்கொண்டு, வேகம் வேண்டிக் கைப்பிடியை மார்போடு இழுக்கிறார். பட்டம் திணறிப் பின்வாங்குகிறது. கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் அதே பட்டம் முன்னேறிப் போய் நிற்கும். நாம் போக வேண்டிய பக்கமாக இழுக்கும். கையின் பலத்தை மறப்பதுதான் இந்த வித்தையில் கடினமான பகுதி என்பேன்.

பட்டத்தை ஏறக்குறைய 45 டிகிரி உயரத்தில் அசையாமல் நிறுத்துங்கள். உச்சிக்குப் போனால் அது உடலை மேலே தூக்கும், விளிம்பு தண்ணீரை விட்டுவிடும். முதலில் காற்றோடு சற்றே ஓடி வேகம் பிடியுங்கள். பிறகு இடுப்பை முன்னே தள்ளி, தோளைப் பின்னே சாய்த்து, குதிகாலால் மெல்ல மெல்ல அழுத்துங்கள். எடுத்த எடுப்பில் அழுத்தினால் வேகம் செத்துப் பலகை அமிழ்ந்துவிடும். பின்கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, காற்று வரும் திசையில் கரையில் ஒரு அடையாளத்தைப் பாருங்கள். தலை திரும்பினால் தோளும் இடுப்பும் தானாகத் திரும்பும்.

சேர்த்த தூரம் பெரும்பாலும் திரும்பும்போதுதான் கரைகிறது. தடுமாறித் தண்ணீரில் உட்கார்ந்த நொடியிலேயே காற்று இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஓட்டம் நீளமாக இருக்கட்டும், திருப்பங்கள் குறையட்டும். காற்றே போதாத நாளில் எந்த உத்தியும் உதவாது. பெரிய பட்டமும் பெரிய பலகையும் எடுக்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் கிளம்பிய இடத்துக்குத் திரும்பத் தெரியாமை வெறும் நடைச் சிரமத்தோடு முடிகிற காரியம் இல்லை. கச்சான் காலத்தில் தீவின் வடகரையில் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கும், பழகுவதற்கு அருமையான இடம். ஆனால் அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்க்காற்றில் ஏறத் தெரியாதவர் பாக் விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருப்பார். மீட்புப் படகு இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

அப்படியும் விலகிப்போனால் பட்டத்தைக் கழற்றி விட்டுவிடாதீர்கள். பிரான்சின் லெகெய்னு சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை கோரிய வடிவம் அது. அந்த வடிவத்தில் காற்றடைத்த குழாய்கள் இருப்பதால் பட்டம் தண்ணீரில் மிதக்கும். பாதுகாப்புப் பிடியை இயக்கி அதன் விசையை அடக்குங்கள். கயிற்றைச் சுற்றியபடியே பட்டத்தை அடைந்து, படகு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு மிதந்திருங்கள்.