ஓய்வூதியத்தில் கழியும் காப்புறுதிப் பணம்

இறம்பொடைக்குத் திரும்பியுள்ள உங்கள் குடும்பத்தில் ஓய்வுபெற்ற அரசாங்க ஆசிரியரோ தபால் ஊழியரோ இருக்கிறாரா? வங்கிப் புத்தகத்தில் ஓய்வூதியம் சற்றுக் குறைந்திருந்தால் பதற வேண்டாம். அவர் 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதியில் அங்கத்தவராயின், மாதத் தவணைப்பணம் கழிக்கப்பட்டு மீதியே கணக்கில் சேரும்.

உதாரணமாக, ஓய்வூதியம் 40,000 ரூபா, தவணைப்பணம் 500 ரூபா என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 39,500 ரூபா. ஓய்வூதிய உரித்து குறைவதில்லை.

இதற்கு ஈடாக, வைத்தியசாலைச் செலவுகளைத் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திடம் வரம்புக்குட்பட்டுக் கோரலாம். ஆகவே பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு உரியது ஊழியர் சேமலாப நிதி: சம்பளத்தில் 8 வீதம், தோட்ட நிர்வாகம் செலுத்தும் 12 வீதம். அது மாத ஓய்வூதியம் அல்ல. இக்கழிப்பு அதைத் தொடாது.

கழிவு புரியாவிட்டால், அடையாள அட்டையுடனும் வங்கிப் புத்தகத்துடனும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் விபரம் கேளுங்கள்.