குரங்கணிப் பாறை உருகிய காலம்

போடிநாயக்கனூரிலிருந்து வடமேற்கே, சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்தப் பக்கமாகத்தான் கீழே இறங்கியது. இன்று தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளும் மலையேற வருகிறவர்களும் அந்த வழியில் போகிறார்கள். இங்கே எரிமலை கிடையாது. ஆனாலும் எரிமலைக்குழம்பு எப்படி உண்டாகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் வரவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று என்பேன். குழம்பு வெளியே கொட்டும் வாயைத்தான் எரிமலையில் பார்க்க முடியும். பாறை உருகத் தொடங்கும் ஆழம் எப்படி இருக்கும் என்பதைப் போடி மலையில் வெயிலில் நின்றுகொண்டே பார்க்கலாம்.

பள்ளிக்கூடப் படங்கள் நம் மனதில் ஒரு தவறான எண்ணத்தைப் பதித்துவிட்டன. மேலே மெல்லிய ஓடு, அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பாகக் கொதிக்கும் கடல், ஓடு கிழிந்தால் எரிமலை. உண்மை அப்படியில்லை. மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறை. திரவத்துக்குள் புக முடியாத ஒருவகை நில அதிர்வு அலைகள் அதற்குள் தாராளமாகப் போய்வருகின்றன, அதுவே சான்று. அதற்கும் கீழே உருகிய இரும்பு இருப்பது உண்மைதான், ஆனால் எரிமலைக்குழம்பு அங்கிருந்து வருவதில்லை. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறியும் கவசப்பாறை உருகாமல் கிடக்கிறது என்றால், மேலிருந்து அழுத்தும் எடைதான் காரணம்.

போடியில் உலை கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும். ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கும் கொழுக்குமலையில் 93 டிகிரி வந்தாலே போதும். காற்றின் அழுத்தம் குறையக் குறையக் கொதிக்கத் தேவையான சூடும் குறைகிறது. பாறைக்கும் இதே கணக்குத்தான். ஆழத்திலிருந்து மெல்ல மேலேறும் கவசப்பாறை, புதிதாகச் சூடு எதுவும் சேராமலே, அழுத்தம் விட்டதும் உருகத் தொடங்குகிறது. அதுவும் முழுதாக உருகுவதில்லை. நூற்றில் சில பங்குதான் உருகும். அந்தச் சில பங்குதான் மாக்மா. கடலடியில் புவித்தட்டுகள் விலகும் மலைத்தொடர்களில், யார் கண்ணிலும் படாமல், உலகத்தின் பெரும்பகுதி மாக்மா இப்படித்தான் வெளிவருகிறது. பெருங்கடல்களின் தரை முழுவதும் அதனால் ஆனது.

அழுத்தம் குறைவது பாறை உருகும் ஒரு வழி. இரண்டாவது வழி நீர். இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலையான பேரன் தீவு அந்தமான் கடலில் இருக்கிறது. 1787-லிருந்து அதன் சீற்றங்களைப் பற்றிய பதிவுகள் உண்டு; நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-ல் மீண்டும் விழித்தது. அங்கே இந்தியப் புவித்தட்டு கிழக்கே சரிந்து அடியில் புகுகிறது. கடல்நீரில் ஊறிய பாறை கீழே போய்ச் சூடேறி நீரைக் கக்குகிறது. அந்த நீர் மேலே உள்ள கவசப்பாறைக்குள் ஏறியதும் அதன் உருகுநிலை சரிகிறது. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கிய ஆழிப்பேரலை கிளம்பியதும் இதே சரிவில்தான்.

மூன்றாவது வழி, வெளியிலிருந்து சேரும் சூடு. அதற்குக் குரங்கணிக்குத் திரும்ப வேண்டும்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் முட்டி மோதிக் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. இன்று மதுரை, திண்டுக்கல், தேனி இருக்கும் நிலத்தின் பாறைகள் அப்போது 25 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தன. சில இடங்களில் சூடு 900 டிகிரியைத் தாண்டியதென்று பாறையில் உள்ள கனிமங்களே சொல்கின்றன. நீர் கலந்த கருங்கல் வகைப் பாறை 700 டிகிரிக்குள்ளாகவே உருகத் தொடங்கிவிடும். ஆகவே இங்கே பாறை உருகியது. உருகிய பகுதி வெளிர் நிறத்திலும் உருகாமல் நின்றது கறுப்பாகவும் நெளிநெளியாகப் பிரிந்து, அப்படியே உறைந்தது. போடிமெட்டுச் சாலைக்காக வெட்டிய சரிவுகளில் இந்த வரிகளைக் காணலாம். மாக்மா பிறந்துகொண்டிருந்த கணம் கல்லாக நின்றுபோன இடம் அது.

குழம்பு பிரிந்து மேலேறியபோது பாறையிலிருந்த நீரையும் கூட்டிக்கொண்டு போனது. ஆழத்திலிருந்து ஏறிய கரியமில வாயு நீரை விரட்டியது என்றும் ஒரு விளக்கம் உண்டு. இந்தப் பாறைகளின் படிகங்களுக்குள் அந்த வாயு நுண்ணிய குமிழ்களாக இன்றும் சிக்கிக் கிடக்கிறது. எப்படியானாலும் எஞ்சியது வறண்ட, கடினமான, கருமை கலந்த சார்னோக்கைட். பல்லாவரத்தில் வெட்டிய அதே வகைக் கல்தான் கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருக்கிறது. புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதை ஆராய்ந்து சார்னோக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். நேரடியாகக் குழம்பிலிருந்து உறைந்தது என்று ஹாலண்ட் கருதினார். பின்னால் வந்தவர்கள் பல இடங்களில் அது சூட்டில் உருமாறிய பாறை என்று காட்டினார்கள். இரண்டு வகையும் தெற்கே இருக்கின்றன.

போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தை நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம் இந்தச் சார்னோக்கைட்தான். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாறை வேண்டும், குகை குடைந்தால் அது தாங்க வேண்டும். மத்திய அமைச்சரவை 2015-ல் ஒப்புதல் தந்தது. வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலையையும் காட்டையும் பற்றிய மக்களின் கவலை நியாயமானது என்பதே என் எண்ணம்.

மலைக்கு மேலே, கேரளப் பக்கம், வேறொரு அத்தியாயம் இருக்கிறது. மூணாற்றுக் கிரானைட் சுமார் 74 கோடி ஆண்டுகளுக்கு முன் மாக்மாவாகவே மேலேறி, வெளியே வராமல் பூமிக்குள்ளேயே நின்று குளிர்ந்தது. எழுந்த மாக்மாவில் பெரும்பகுதிக்கு இதுதான் கதி. எரிமலையாக வெடித்துக் கொட்டுவது சிறுபகுதிதான். பிறகு மழையும் ஆறும் மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறையைச் சுரண்டிக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தன. வெளியே வந்த கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் மக்கிக் களிமண்ணாகிறது, பொட்டாசியத்தையும் விடுகிறது. ஏலச்செடி மண்ணிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளும் சத்து அது.

தேனி மாவட்டத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மலைமேல் ஏற்ற வேண்டியதில்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டதை யாரும் மறந்துவிடக் கூடாது; கோடையில் அந்தப் புல்வெளிப் பக்கமே போக வேண்டாம், மற்ற நாட்களிலும் வனத்துறை அனுமதியில்லாமல் ஏற வேண்டாம். அடிவாரத்தில் ஓடும் கொட்டகுடி ஆறே போதும். மேலே உள்ள பாறைகளையெல்லாம் அது உருட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. தண்ணீர் குறைந்த நாளாகப் பார்த்துக் கூட்டிப்போய், கறுப்பும் வெளுப்புமாய் வரியோடிய ஒரு கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இதில் உருகியது எது, உருகாமல் நின்றது எது என்று கேளுங்கள்.