18 டிகிரியில் மூளைக்கு லீவு!

சூப்பர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் அட்மிட்னு 2024 செப்டம்பர் 30-ம் தேதி நியூஸ் வந்ததும் பதறினீங்கதானே? இதயத்திலிருந்து கிளம்பும் மெயின் ரத்தக்குழாயான அயோர்ட்டாவில் வீக்கம். நல்லவேளை, நெஞ்சைத் திறக்காமலே ஸ்டென்ட் வெச்சு சரி பண்ணிட்டாங்க.

எல்லாருக்கும் அந்த லக் அடிக்காது பாஸ்! அயோர்ட்டா மேலே ஏறி, குடைக் கைப்பிடி மாதிரி வளைஞ்சு கீழே இறங்கும். மூளைக்கான குழாய்கள் பிரியறது அந்த வளைவில்தான். அங்கே கிழிஞ்சா, பெரும்பாலும் நெஞ்சைத் திறந்து செயற்கைக் குழாய் வெச்சுத் தைக்கணும். (கிழிசலுக்கு முக்கியக் காரணம், கன்ட்ரோல் இல்லாத பி.பி. வீட்டுல யாருக்காவது திடீர்னு நெஞ்சோ முதுகோ கிழியற மாதிரி வலிச்சா, 'கேஸ்'னு சோடா வாங்கிக் கொடுக்காதீங்க. ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து ஏறும்.)

தைக்கணும்னா ரத்த ஓட்டம் நிக்கணும். நின்னா, நாலஞ்சு நிமிஷத்தில் மூளை செல்கள் சாக ஆரம்பிக்கும். என்னதான் வழி?

ஃப்ரிட்ஜ் டெக்னிக்! இதய-நுரையீரல் மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர வெச்சு திருப்பி அனுப்புது. (அந்த சப்ஜெக்ட்ல அரியர் வெச்சிருக்கும் மெக்கானிக்கல் மச்சான்ஸ் கவனிக்க!) 37 டிகிரி உடம்பு மெதுவா 18 டிகிரி வரை இறங்கும். குளிரக் குளிர மூளையோட ஆக்சிஜன் பசி அடங்கிடும். அப்புறம் பம்ப்பை நிறுத்தினாலும் சுமார் அரை மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள தைச்சாகணும்! அமெரிக்க சர்ஜன் ராண்டல் கிரீப் 1975-ல் இதைச் செஞ்சு காட்டினார். இப்போ தோள்பட்டைக் குழாய் வழியா மூளைக்கு மட்டும் தனி லைனில் ரத்தம் அனுப்பறதால, அவ்வளவு குளிர வைக்காமலே கூடுதல் டைம் கிடைக்குது.

இதயத்துக்கு வேற ரூட். பொட்டாசியம் கலந்த குளிர் திரவத்தை அதன் ரத்தக்குழாய்களில் விட்டா, துடிப்பு கப்சிப். வேலையில்லாத இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை கிட்டத்தட்ட 90 சதவிகிதம் குறைஞ்சிடும்.

இந்த மெஷின் ஓடுறதெல்லாம் ஏதோ ஃபாரின்லன்னு நினைக்காதீங்க. அதே 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸ் சர்ஜரியை செஞ்ச டாக்டர் கே.எம்.செரியன், பிற்பாடு ஃப்ரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையை ஆரம்பிச்சது முகப்பேரில். நாம இண்டஸ்ட்ரியல் விசிட் போற அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஏரியா! 2025 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இன்னொண்ணு. மெஷினை இயக்கறவர் சர்ஜன் இல்லை, பெர்ஃப்யூஷனிஸ்ட். மூளையும் இதயமும் லீவுல இருக்கும்போது டெம்பரேச்சர், பிரஷர், ஆக்சிஜன் எல்லாமே அவர் கையில்தான். இதுக்கு நம்ம எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துலயே பி.எஸ்சி. கோர்ஸ் இருக்கு. ப்ளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா காதுல போட்டு வைங்க!