மரத்துக்குள் இறங்கும் கம்பி

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். நம் வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருப்பதால், நகர்த்தி ஸ்வரத்தைத் திருத்தலாம். கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. ரம்பம் போட்ட இடம்தான் கடைசிவரை.

இந்தக் கம்பியைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் காளான் மாதிரி இருக்கும்: மேலே வளைந்த முகடு, கீழே மரத்துக்குள் இறங்கும் கால். வாங்குபவர்கள் முகட்டைத்தான் பார்க்கிறார்கள். அதில் பெரிய சிக்கல் இல்லை. அகூஸ்டிக் கிட்டாருக்கு 2 மி.மீ. அகலம், 1 மி.மீ.க்குச் சற்று மேல் உயரம் போதும். உயரம் கூடினால் லேசாகத் தொட்டாலே ஸ்வரம் பேசும். அழுத்திப் பிடிப்பவர் கையில் அதுவே சற்று ஏறிப்போகும். செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த நிக்கல் சில்வர்தான் வழக்கமான உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நெடுநாள் தேயாது, ஆனால் வேலை செய்பவரின் அரத்தைத் தின்றுவிடும்.

காலில்தான் விஷயமே இருக்கிறது. அதன் பக்கங்களில் உள்ள சிறு புடைப்புகள் மரத்தைக் கவ்வுகின்றன. விரல்பலகையில் அறுத்த வெட்டு சுமார் 0.6 மி.மீ. அகலம். கால் அதற்கு மிஞ்சித் தடித்திருந்தால், இருபது ஃப்ரெட்டும் இருபது ஆப்புகளாகி மரத்தை விரித்துக் கழுத்தையே பின்னோக்கி வளைத்துவிடும். மெலிந்திருந்தால் ஃப்ரெட் மேலெழும்பித் தந்தி இரையும். மார்ட்டின் நிறுவனம் 1934 வரை முகடில்லாத பட்டைக் கம்பியைத்தான் பதித்தது. திருகி நிமிர்த்தும் இரும்புத் தண்டு அந்தக் கழுத்துகளில் இல்லை. பழுதுபார்ப்பவர்கள் தடித்த பட்டைகளை அடித்தே வளைந்த கழுத்தை நிமிர்த்தினார்கள். குறையையே கருவியாக்கிய கெட்டிக்காரத்தனம்!

பதிக்கும்போது கம்பியைப் பலகையின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துக்கொள்வார்கள். முதலில் இரு முனைகளையும் தட்டி, பிறகு நடுவை அடித்தால், கம்பி நிமிரும்போது முனைகள் வெளிப்பக்கம் நகரும். புடைப்புகள் பக்கவாட்டில் மரத்தைக் கிழித்துப் புதிய இடத்தில் பிடித்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்துவிட்டதைச் சுத்தியலின் ஓசையே சொல்லிவிடும். பொள்ளலாகக் கேட்டது கெட்டியாகும். பதினான்காவது ஃப்ரெட்டைத் தாண்டினால் பலகைக்குக் கீழே இருப்பது மெல்லிய மேற்பலகை. அங்கே அடிப்பதற்கு, ஒலித்துளை வழியாகக் கைவிட்டு ஒரு கனத்த கட்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். மிச்சம் அரவேலை: முனை நறுக்கல், மட்டம் பார்த்தல், முகட்டை மறுபடி உருட்டல், மெருகு.

ஏசி அறையிலேயே கிடக்கும் கிட்டாரில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் உடனே அரத்தை எடுக்காதீர்கள். சுருங்கியது மரம்தான். பெட்டிக்குள் ஈரப்பதம் ஊட்டிச் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிறகும் துருத்தியிருப்பதை மட்டும் தேயுங்கள்.