எதிர்கால வினைமுற்று

காலம் மூன்று வகைப்படும். அவற்றுள் இனி நிகழவிருக்கும் செயலைக் குறிப்பது எதிர்காலம். அது தமிழில் எவ்வாறு அமைகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம். 'காண்போம்' என்பதும் எதிர்கால வினைமுற்றே.

1. அமையும் முறை

வினைமுற்றில் பகுதி செயலையும், இடைநிலை காலத்தையும், விகுதி அச்செயலைச் செய்பவரையும் காட்டும். எதிர்கால இடைநிலைகள் ப், வ் என்பன. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல் இவ்வாறே கூறுகிறது.

பாடு + வ் + ஆள் = பாடுவாள்
உண் + ப் + ஏன் = உண்பேன்
படி + ப் + ப் + ஆர் = படிப்பார் (முதலில் வரும் ப் சந்தி)

அஃறிணைக்கு 'உம்' விகுதியே எதிர்காலத்தைக் காட்டும். டிராம் வரும், டிராம்கள் வரும். ஒருமைக்கும் பன்மைக்கும் வடிவம் ஒன்றே.

எதிர்மறையில் 'வரமாட்டேன்', 'வரமாட்டார்' என உயர்திணைக்கும், 'வராது' என அஃறிணைக்கும் எழுதுதல் வேண்டும்.

2. பிற மொழிகளோடு ஒப்பீடு

கொல்கத்தாவில் நீங்கள் நாள்தோறும் வங்கமொழியைக் கேட்கிறீர்கள். அதில் 'ஆமி ஜாபோ' என்றால் 'நான் போவேன்'. 'தினி ஜாபேன்' என்றால் 'அவர் போவார்'. அங்கும் ஒரு பகர ஒலி எதிர்காலத்தைக் காட்டுகிறது. அது தமிழ் இடைநிலையோடு உறவுடையதன்று. எனினும் நினைவில் கொள்ள உதவும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'ஜாபேன்' என்பதன் இறுதி ஒலி பிறரை மதிப்புடன் குறிக்கிறது. தமிழிலோ 'ஏன்' என்னும் விகுதி 'நான்' என்பதற்கே உரியது. எனவே 'தாத்தா வருவார்' என்பதே சரி. 'தாத்தா வருவேன்' என்பது பிழை.

வங்கமொழியில் 'ஷே ஜாபே' என்ற ஒரே தொடர் 'அவன் போவான்', 'அவள் போவாள்' என்னும் இரண்டிற்கும் பொருந்தும். கொல்கத்தாவிற்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகர், புதுச்சேரியைப் போலவே முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பிரெஞ்சு மொழியில் 'அவன் பேசுவான்' என்பது 'இல் பார்லெரா'; 'அவள் பேசுவாள்' என்பது 'எல் பார்லெரா'. பெயர் மாறினும் வினை மாறவில்லை. தமிழில் வினைமுற்றே ஆண்பால், பெண்பால், பலர்பால் ஆகியவற்றைக் காட்டிவிடும். ஆகவே, 'வருவாள்' என்று மட்டும் கூறினாலும் வருபவர் ஒரு பெண் என்பது விளங்கும்.

3. பயன்படும் இடங்கள்

அ) இனி நிகழ்வது: நாளை நாங்கள் ஹவுராவிலிருந்து சென்னைக்குப் புறப்படுவோம்.
ஆ) வழக்கம்: பாட்டி நாள்தோறும் வாசலில் கோலம் இடுவார்.
இ) இயற்கை: கதிரவன் கிழக்கே உதிக்கும்.
ஈ) முன்னாள் வழக்கம்: அக்காலத்தில் தாத்தா ஆற்றில் நீந்துவார்.

வழக்கத்தைக் கூற வங்கமொழி பெரும்பாலும் நிகழ்காலத்தையே பயன்படுத்தும். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில், "தாத்தா மாலையில் கோயிலுக்குப் போவார்" என்றால், அது இன்றைய செய்தியாகவும் இருக்கலாம். அன்றாட வழக்கமாகவும் இருக்கலாம். 'இன்று', 'நாளை', 'நாள்தோறும்' போன்ற சொற்கள் உடன் வருகின்றனவா என நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும். அவை இல்லையெனில், பாட்டியிடமே கேட்டறிக.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: செய்வான், நடப்பாள், உண்போம்.
2. பிழை திருத்துக: அத்தை நாளை வருவேன். பறவைகள் பாடுவார்கள்.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் அன்றாட வழக்கங்களை எதிர்கால வினைமுற்றால் ஐந்து தொடர்களில் எழுதுக.