காற்றைக் குறை, கல்லைப் பார்
மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு டயர் தேர்ந்தெடுப்பது ஐப்பசி மாதத்துக் கேரளத்தில் கிட்டத்தட்ட ஒரு சூதாட்டம்

கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டத்தில், 1985-இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் வளாகத்தில் ஒரு வெலோட்ரோம் இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுகளின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் நடந்த இடம். அங்கே ஓடும் டயர் விரல் பருமன்தான். மேற்பரப்பு மொழுமொழுவென்று இருக்கும். காற்று கல் மாதிரி ஏற்றப்பட்டிருக்கும். அதே ஊரிலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லார் என்று கிழக்கே போய், 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. அந்த மலைச்சரிவில் இதே டயரோடு இறங்கினால் முதல் வேரிலேயே சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது இந்தப் பொன்முடியில்தான். கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்குப் பரிசு பதக்கத்தோடு முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் அதில் அடங்கியிருந்தது. தேதியைக் கவனியுங்கள்: ஐப்பசி. மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழைக் காலம். காலையில் வெயில், மதியத்துக்கு மேல் இடியோடு மழை என்பது திருவனந்தபுரம் மாவட்டத்தில் அப்போது வாடிக்கை. காலையில் பொருத்திய டயர் மாலையில் தவறான டயராகிவிடலாம்.

கிராஸ் கன்ட்ரி என்பது மலையுச்சியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் டவுன்ஹில் அல்ல. 4 முதல் 6 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றை வீரர்கள் பல முறை சுற்ற வேண்டும். முதல் நிலை ஆண், பெண் பிரிவுகளில் பந்தயம் ஏறக்குறைய 80 முதல் 100 நிமிடம் நீடிக்கும். ஏற்றம், பாறை, வேர், சேறு எல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் உண்டு. ஏற்றத்தில் எடை குறைந்து எளிதாக உருளும் டயர் வேண்டும். இறக்கத்தில் மண்ணைக் கவ்வும் டயர் வேண்டும். இரண்டு குணமும் ஒரே டயரில் முழுதாகக் கிடைப்பதில்லை. தேர்வு என்பது எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கணக்கு.

கணக்கு பற்களில் தொடங்குகிறது. டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பற்கள் என்கிறோம். குட்டையாக, நெருக்கமாக இருந்தால் காய்ந்த தரையில் வேகம். உயரமாக, இடைவெளி விட்டு இருந்தால் ஈரத்தில் பிடிப்பு. அதைவிட முக்கியம், ஒட்டிய சேறு சக்கரம் சுழலும்போதே உதிர்ந்துவிடும். கழக்கூட்டம் வட்டாரத்தின் வெட்டுக்கல் மண் இதில் ஒரு தனி வில்லன். காய்ந்திருக்கும்போது மேலே உருளும் செந்நிறச் சரளை, கோலிக்குண்டுகளைக் கொட்டி வைத்த மாதிரி. நனைந்தால் வழுக்கும் செங்களி. பொன்முடியிலோ தேயிலைத் தோட்டத்து மண், ஈரப்பாறை, மரவேர். சரளைக்குப் பற்கள் நெருக்கமாக வேண்டும், களிக்கு விலகி நிற்க வேண்டும். ஈரப்பாறையிலும் வேரிலும் பற்களின் உயரம் அதிகம் உதவாது. ரப்பர் மிருதுவாக இருந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், உருளும்போது ஆற்றலையும் விழுங்கும்.

இதனால்தான் பலர் முன்னும் பின்னும் வெவ்வேறு டயர் மாட்டுகிறார்கள். முன் சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எனவே முன்னால் பிடிப்புள்ள டயர், பின்னால் வேகமாக உருளும் டயர். ஜெர்மன் நிறுவனமான ஷ்வால்பே 'ரேஸிங் ரே' என்பதை முன்னுக்கும் 'ரேஸிங் ரால்ஃப்' என்பதைப் பின்னுக்குமாகவே ஜோடி சேர்த்து விற்கிறது. இத்தாலியப் பெயர் தாங்கிய விட்டோரியாவின் 'பார்ஸோ', 'மெஸ்கால்' ஜோடியையும் இதே முறையில் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

சக்கர அளவுச் சண்டை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. மலைச் சைக்கிள் ஒலிம்பிக்கில் நுழைந்த 1996-இல் எல்லோருக்கும் 26 அங்குலம். 2012 லண்டனில் செக் நாட்டு யரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் தங்கம் வென்றார், 27.5-இல் வந்த சுவிஸ் வீரர் நீனோ ஷுர்ட்டருக்கு வெள்ளி. அதன் பிறகு பந்தயக் களம் முழுவதும் மெல்ல 29-க்கு மாறியது. '29' என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அதில் 622 மில்லிமீட்டர். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய நம்மூர் '28-க்கு ஒன்றரை' சைக்கிளில் அது 635. பெரிய சக்கரம் நம்மிடம் எப்போதும் இருந்தது; மாறியது டயரின் பருமன்தான். ஒரு காலத்தில் 2 அங்குலம் போதும் என்றிருந்தவர்கள் இன்று 2.25, 2.35, 2.4 என்று போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பருமனான டயர் வேகத்தைக் குறைக்காதா? தார்ச்சாலையில் குறைக்கலாம். கரடுமுரடான தரையில் நடப்பது வேறு. கல் போல் காற்றடித்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கும் ஒவ்வொரு துள்ளலும் முன்னே போக வேண்டிய ஆற்றலின் விரயம். காற்றைக் குறைத்தால் டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருண்டு போகிறது, பிடிப்பும் கூடுகிறது. 65 கிலோ எடையுள்ள வீரர், டியூப் இல்லாத பருமனான டயரில், சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டை ஒட்டியே காற்று வைக்கிறார். பின் சக்கரத்தில் ஒன்றிரண்டு பவுண்டு கூடுதல். பஞ்சர் கடைக்காரர் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "காத்தே இல்லையே" என்று சொல்லும் அளவு அது. டயர் கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்பது நம் ஊர் நம்பிக்கை. புதிதாகப் பந்தயத்துக்கு வருபவர் முதலில் மறக்க வேண்டியதும் அதுதான். நல்ல டயரில் தவறான காற்றைவிட, சுமாரான டயரில் சரியான காற்று மேல்.

இவ்வளவு குறைந்த காற்றில் ஓட வழி செய்தது டியூப் இல்லாத டயர். மாவிக் நிறுவனம் 1999-இல் மலைச் சைக்கிளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. டியூப் இருந்தால், காற்று குறைந்த நிலையில் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும். டியூபை எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் முள் குத்திய சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். பல சீலன்ட்களின் அடிப்படை ரப்பர் பால். நெடுமங்காடு பக்கத்துத் தோட்டங்களில் சிரட்டையில் சொட்டுகிறதே, அதே பால். ஒரு தொல்லை: வெப்பத்தில் அது சீக்கிரம் உலர்ந்து உள்ளே தோலாகப் படிந்துவிடும். ஐரோப்பாவில் பல மாதம் தாங்குவது கேரள வெயிலில் அவ்வளவு நாள் தாங்காது. அடிக்கடி திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கல் கிழித்துவிடலாம். 2024 ஜூலை 29 அன்று பாரிஸை அடுத்த எலான்கூர் குன்றில், நடப்புச் சாம்பியன் டாம் பிட்காக்கின் முன் டயரில் காற்று போயிற்று. சக்கரத்தை அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் மாற்றலாம் என்பது விதி. அங்கு வரை சமாளித்து ஓட்டி வந்து மாற்றிக்கொண்டு கிளம்பியபோது, முன்னால் இருந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி சுமார் 40 வினாடி. அதைத் துரத்திப் பிடித்து பிரான்சின் விக்டர் கோரெட்ஸ்கியை 9 வினாடியில் வென்றார். தயாராக ஒரு சக்கரமும் அதை நீட்ட ஆளும் இருந்ததால் முடிந்தது.

இந்திய வீரரின் சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. பெரிய அணிகள் காய்ந்த தரைக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று என்று சக்கரங்களையே அடுக்கி வைத்திருக்கின்றன. இங்கே பலரிடம் இருப்பது ஒரே ஜோடி. தரமான பந்தய டயர் ஒன்றே ஆயிரக்கணக்கில் ரூபாய் விழுங்கும். போதாக்குறைக்கு, தினசரிப் பயிற்சி பெரும்பாலும் தார்ச்சாலையில். கழக்கூட்டத்திலிருந்து சைக்கிளிலேயே பொன்முடி போய் வந்தால் நூறு கிலோமீட்டர். அதில் மலைப்பாதை கொஞ்சம்தான். சூடான தார் நடுப் பற்களை மழித்துவிடும். பந்தய நாளில் அந்த டயர் பெயரளவுக்குத்தான் மலைச் சைக்கிள் டயர்.

ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால், நிபுணர்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டு மழையை வைத்து முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். முன்னால் பக்கப் பற்கள் நன்றாக எழுந்த, மிருதுவான ரப்பர் கொண்ட 2.35. பின்னால் நடுத்தரப் பற்கள் கொண்டது. அதில் பக்கச் சுவர் தடித்த வகையாகப் பார்த்து, 50, 60 கிராம் எடை கூடினாலும் வாங்கலாம். தார்ச்சாலைப் பயிற்சிக்கு மலிவான பழைய ஜோடி. பந்தய ஜோடியைச் சில நாள் முன்பே மாட்டி, சீலன்ட் ஊற்றி, இரவு முழுக்க காற்று இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, பந்தயச் சுற்றில் இரண்டு முறை ஓட்டிக் காற்றளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி பவுண்டு வித்தியாசத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். காலையில் மழை பிடித்தால் வேறு டயர் கிடையாது. வால்வைத் திறந்து ஒரு பவுண்டு குறைக்கலாம்.