திண்ணைக்கு வந்த கலப்பை

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகை எதையாவது இன்று எடுத்துப் புரட்டுகிறவர்களுக்கு, சட்டசபை விவாதமும் ஜில்லா போர்டு வழக்குகளும் சீக்கிரமே அலுத்துப்போய், பக்கத்தின் ஓரங்களில் கட்டம் கட்டி அச்சிட்ட விளம்பரங்களிலேயே மனம் லயித்துவிடுவது அநேகமாக எல்லோருக்கும் நேர்கிற அனுபவம். ஜாம்நகரிலிருந்து ஆதங்க நிக்ரக மாத்திரை, பம்பாயிலிருந்து டோங்கரே பாலாமிர்தம், கல்கத்தாவிலிருந்து டாக்டர் பர்மன் ஔஷதங்கள், சீமையிலிருந்து சோப்பும் பிஸ்கோத்தும் தையல் யந்திரமும் சைக்கிளும் என்று, உலகமே தமிழ் வாசகரின் வாசற்படியில் கடை விரித்திருந்த காலம் அது. விளம்பரத்துக்கு அன்று இருந்த மரியாதையும் சாமானியமானதன்று: சென்னை 'ஹிந்து' 1958 வரையில் தன் முதல் பக்கத்தை விளம்பரங்களுக்கே ஒதுக்கி, செய்திகளை உள்ளே தள்ளி வைத்திருந்தது.

பம்பாய்க் கடைக்காரர் முசிறியிலோ லால்குடியிலோ இருக்கும் முகமறியாத ஒருவருக்குச் சரக்கு விற்க முடிந்ததற்குத் தபால் இலாகா 1877-ல் தொடங்கிய வி.பி.பி. முறையே காரணம். காலணாக் கார்டில் விலாசத்தை எழுதிப் போட்டுவிட்டால், ரயிலேறி வந்த பொட்டலத்தைத் தபால்காரரே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்துப் பணத்தை வாங்கிப் போவார். பணத்தைக் கட்டிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்ற நிபந்தனையினால் எத்தனை கடிகாரங்கள் ஒரு வாரத்திலேயே நின்றுபோயின என்பது வேறு விஷயம். இந்த வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர் ஒருவரே தமிழ்ப் பத்திரிகை உலகின் போக்கையும் மாற்றினார். விளம்பர ஏஜெண்டாகவும் தபால் வழி வியாபாரியாகவும் இருந்த எஸ். எஸ். வாசன்தான் 1928-ல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை விலைக்கு வாங்கியவர். காசிநாதுனி நாகேசுவர ராவோ 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனத் தைலத்தின் லாபத்தைக் கொண்டு 1908-ல் 'ஆந்திர பத்திரிகா'வை ஆரம்பித்தார். பத்திரிகை தைலத்தை விற்க, தைலம் பத்திரிகையைக் காப்பாற்றிற்று.

தேச பக்தர்களுக்கு இதில் தர்மசங்கடம் இல்லாமல் போகவில்லை. அந்நியச் சாமான்களைப் பகிஷ்கரிக்கும்படி தலையங்கம் கர்ஜிக்கும். அடுத்த பக்கத்தில் அந்தச் சாமான்களே படத்தோடு காட்சியளிக்கும். காந்தியடிகள் 'யங் இந்தியா', 'நவஜீவன்' இரண்டிலும் விளம்பரமே வேண்டாமென்று ஒதுக்கி இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டார். மற்றவர்களுக்கு அவ்வளவு வைராக்கியமோ வசதியோ வாய்க்கவில்லை. பாரதியாரோ பண்டங்களின் பரவலைக் கண்டு பொறாமைகூடப் பட்டார் என்று தோன்றுகிறது. 1920-ல் தம் நூல்களை அச்சிடப் பொருளுதவி கேட்டு நண்பர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட அவை சாதாரணமாக விற்றுப்போகும் என்று அவர் உறுதி கூறினார்.

நம் திருச்சிராப்பள்ளியும் சீமைச் சரக்கை வாங்கிக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. உறையூரிலும் சுற்றுப்புறங்களிலும் சுற்றிய சுருட்டு லண்டன் கடைகளில் இந்த ஊரின் பெயரிலேயே விலைபோயிற்று. 1887-ல் வெளியான ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். கானன் டாயில் காசு வாங்காமல் செய்துகொடுத்த இந்த விளம்பரத்துக்கு ஈடாக எந்தக் கம்பெனியாலும் செலவு செய்திருக்க முடியாது.

மாத்திரையும் சோப்பும் கடிகாரமும் இவ்விதம் வெற்றி பெற்ற அதே பத்திரிகைகளில், விவசாய யந்திரங்களின் விளம்பரங்களும் இடம்பெற்றன. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனி இந்தியாவுக்கென்றே 'மான்ஸூன்' என்று பெயரிட்டு ஓர் இரும்புக் கலப்பையை வார்த்தது. சென்னை அரசாங்கமும் 1860-களிலேயே சைதாப்பேட்டையில் ஒரு பரீட்சைப் பண்ணையை ஏற்படுத்தி, நீராவிக் கலப்பை முதல் வைக்கோல் வெட்டும் கருவி வரையில் சீமை யந்திரங்களை இறக்குமதி செய்து காட்டியது. பல்லாண்டுகள் இப்படிக் காட்டியும் காவிரிக் கரையில் மரக்கலப்பையே உழுதுகொண்டிருந்தது. உத்தியோகஸ்தர்கள் இதற்குக் குடியானவனின் மந்த புத்தியும் பழமைப் பற்றுமே காரணம் என்று சுலபமாக எழுதிவிட்டுப் போனார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. பத்திரிகை போய்ச் சேர்ந்த இடம் எது என்று பார்க்கவேண்டும். 1901-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தப் பக்கத்தில் பத்திரிகைக்குச் சந்தா கட்டக்கூடியவர் ஸ்ரீரங்கத்திலோ தெப்பக்குளத்து வீதிகளிலோ குடியிருந்த மிராசுதார், வக்கீல், பள்ளிக்கூட உபாத்தியாயர் முதலியோரே. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அவருக்கு நன்செய் உண்டு. ஆனால் ஏரும் மாடும் குத்தகைக்காரருடையவை. குத்தகை நெல் இத்தனை கலம் என்று ஒருமுறை பேசி முடித்துவிட்ட பிறகு, நிலத்தை ஆழ உழுதாலென்ன, மேலோட்டமாகக் கீறினாலென்ன, திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு மரக்கால்கூட அதிகம் வரப்போவதில்லை. ஆகவே கலப்பை விளம்பரத்தைப் படித்தவருக்குக் கலப்பை வேண்டாம். கலப்பை பிடித்தவருக்குப் படிப்பில்லை, படித்துச் சொல்லக் கேட்டிருந்தாலும் கையில் பணமில்லை. தலைவலித் தைலத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது, படித்தவருக்கேதான் தலைவலி.

அதோடு, கலப்பையே அவ்வளவு உயர்ந்ததுதானா என்ற கேள்வியும் உண்டு. இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி சொல்லும்படி அழைக்கப்பட்டு நாடெங்கும் சுற்றிய இரசாயன நிபுணர் வோல்க்கர், 1893-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்நாட்டுக் குடியானவன் பொதுவாக ஆங்கிலேயக் குடியானவனுக்குச் சளைத்தவனல்லன் என்றே எழுதினார். மரக்கலப்பையை உழவன் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பின்மேல் நடக்கலாம். மெலிந்த மாடும் அதை இழுக்கும். உடைந்தால் ஊர்த் தச்சர் ஒரு பொழுதில் சரிசெய்து, கூலியைக் களத்து நெல்லாக வாங்கிக்கொள்வார். இரும்புக் கலப்பையின் மறை ஒன்று கழன்று விழுந்தால் அதற்குச் சென்னைக்கு எழுதிப் போட வேண்டும். சேற்று உழவுக்குப் பழைய கலப்பையே போதுமானதாகவும் இருந்தது.

இந்நாட்டவர் ஒருவரே இரும்புக் கலப்பை செய்து விற்க முற்பட்டபோதும் கஷ்டம் குறைந்துவிடவில்லை. பெல்காமில் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1903-ல் செய்த கலப்பையை, இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று அஞ்சி விவசாயிகள் தொடவில்லை என்றும், முதல் சில கலப்பைகள் விற்கவே இரண்டு வருஷம் பிடித்தது என்றும் சொல்லுவார்கள். அவருடைய கம்பெனி 1920-ல் தன் சரக்கை எடுத்துச் சொல்லவே 'கிர்லோஸ்கர் கபர்' என்று ஒரு மராத்திப் பத்திரிகையைத் தொடங்கிற்று. அது நாளடைவில் கதை, கட்டுரை, சமூக சீர்திருத்தம் என்று வளர்ந்து கலப்பையை விடப் புகழ் பெற்ற பத்திரிகையாகிவிட்டது.

யந்திரங்கள் எல்லாமே தோற்றுப்போயின என்று நினைத்துவிடக் கூடாது. பீகாரில் பிஹியா என்ற ஊரில் தாம்ஸன், மில்ன் என்ற ஐரோப்பியர் இருவர் 1870-களில் செய்த இரும்புக் கரும்பாலை, பழைய கல் ஆலைகளையும் மர ஆலைகளையும் மூலையில் தள்ளிவிட்டு நெடுந்தூரம் பரவியது. அவர்கள் அதை விற்றதோடு நில்லாமல் பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கும் விட்டார்கள். சென்னை மாகாணத்தில் சர்க்கார் இஞ்சினியர் ஆல்பிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் கவலை மாடுகளுக்குப் பதிலாக எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கிணற்றில் பொருத்திக் காட்டியபோது, அறிவிப்போடு மட்டும் திருப்தியடையவில்லை. தக்காவி என்ற சர்க்கார் விவசாயக் கடனைக் கொடுக்கச் செய்தார்; யந்திரத்தைப் பூட்டிக் கொடுக்கவும் ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் ஆட்களை அனுப்பினார். சர்க்கார் இவ்விதம் தொழிலில் தலையிடுவது தகாது என்று 1910-ல் இந்தியா மந்திரி மார்லி கையை விரித்துவிட்டார். பம்பு மட்டும் நிலைத்துவிட்டது. நெல் அரைக்கும் மில்லும் இவ்வாறே வேரூன்றியது. மில்லை வாங்கியவர் ஒருவர், அரைவைக் கூலி கொடுத்துப் பயனடைந்தவர்களோ சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அனைவரும்.

இவ்வளவும் சமவெளியின் கதை. துறையூரைத் தாண்டிப் பச்சைமலைமேல் ஏறினால் வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்ற, மலையாளிகள் எனப்படும் மலைவாழ் குடியினரின் நாடுகள் வரும். அங்கே சாமையும் வரகும் விதைத்த கற்பாங்கான சரிவுகளுக்கு எந்தச் சீமைக் கம்பெனியும் கலப்பை வார்க்கவில்லை. புறவுலகத்துப் பண்டங்கள் அவர்களுக்குப் பத்திரிகை மூலமாக அறிமுகமாகவில்லை. தானியமும் தேனும் புளியும் சுமந்து சந்தைக்கு இறங்கியவர்கள் உப்பையும் துணியையும் தீப்பெட்டியையும் கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பார்த்து வாங்கினார்கள். 1940-களில் அதே துறையூரிலிருந்து 'கிராம ஊழியன்' என்ற பத்திரிகை வெளிவந்தது உண்மையே. ஆயினும் திருலோக சீதாராமும் கு. ப. ராஜகோபாலனும் அதை அருமையான இலக்கிய ஏடாக்கிவிட்டபடியால், பெயரிலிருந்த கிராமத்தார் அதைப் படித்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

இன்று துறையூர்ப் பக்கத்தில் உழவு ஓட்டுவது டிராக்டர். சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் அதை வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று பேசி வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். வண்டிக்காரரின் டெலிபோன் எண், டிராக்டருக்குப் பின்னால் கோத்த டிரெய்லரின் தகட்டில் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருக்கிறது. பக்கத்து வயலில் உழுதுவிட்டுத் திரும்புகிற வண்டியை வரப்பிலிருந்து கூப்பிட்டு நிறுத்தினாலும் போதும்.